ஏணியின் மேற்படியும் கீழ்ப்படியும்

ஆண்டுதோறும் சங்கத்தின் விழா நாளன்று நம் காலனிப் பிள்ளைகள் மேடையேறிப் பாடுவதையும் ஆடுவதையும் பேசுவதையும் கண்டு மகிழ்கின்றோம். பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களின் குழந்தை, தாய்மொழியில் தங்குதடையின்றிப் பேசக் கேட்கும்போது நம் உள்ளம் பூரிக்கின்றது. ஆயினும் விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு மட்டும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கின்றது. "வருகிற ஜூன் மாதத்தில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? தமிழில் படிக்க வைத்தால் மேலே போக வழி உண்டா?" என்பதே அப்பேச்சு.

இவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று படிப்படியாக அடுக்கி, ஒரு படியில் தேறியவரே அடுத்த படியில் கால் வைக்கலாம் என அரசாங்கம் வகுத்து நடத்தும் கல்வி முறை இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. உண்மையில் அம்முறை, ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உருப்பெறத் தொடங்கிப் பின்னர் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்ததாகும். அந்த ஏணியை அங்கே எவ்வாறு கட்டினர், இங்கே எவ்வாறு நட்டனர், பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் நமக்கு அதில் எத்தனை படிகள் கிடைத்தன என்பவற்றை அறிந்தாலன்றி, எந்தப் படி உறுதியானது, எந்தப் படி ஆடுகின்றது என்று நாம் உணர முடியாது. அவ்வரலாற்றை ஒருவாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையிலிருந்து இலண்டன் வரை

ஆங்கிலேயர் வருவதற்கு முன் நம்மிடம் பள்ளிகளே இருந்ததில்லை என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகள் அனைத்தையும் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்து வந்தனர். ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்பது அக்கணக்கு. அன்று மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடும் அதனுள் அடங்கும். பெரும்பாலும் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மரநிழலிலும் நடைபெற்றவை அப்பள்ளிகள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் ஏந்தி, அரிச்சுவடியும் எண்சுவடியும் கற்றனர் நம் முன்னோர்.

பழம்பெருமை பேசும்போது அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை.

அத்திண்ணைப் பள்ளியில் ஐரோப்பியர் ஒருவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காக நடந்த பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகும் நாட்டுப் பள்ளி ஒன்றை அவர் கண்டார். நம் சட்டாம்பிள்ளை முறையைப் போல, மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். தாயகம் திரும்பியபின் 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவரைக் கொண்டே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முடிந்ததால், பணமில்லாத அறச்சங்கங்கள் அதனை விரும்பி ஏற்றன. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833-ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தொடக்கக் கல்விக்கென 20,000 பவுன் ஒதுக்கியபோது, அப்பணம் இம்முறையைப் பின்பற்றிய இரு சங்கங்களின் வழியாகவே செலவிடப்பட்டது. ஆகவே, ஐரோப்பியர் கட்டிய ஏணியின் கீழ்ப்படியில் நம் திண்ணையின் மரமும் சிறிது கலந்திருக்கின்றது எனலாம்.

ஐரோப்பாவின் இரட்டை ஏணி

ஐரோப்பிய நாடுகளில் கல்வி முதலில் திருச்சபையின் கையில் இருந்தது. அதனை அரசின் கடமையாக்குவதில் முன்னின்ற நாடுகளுள் ஒன்று, இன்றைய ஜெர்மனியின் பெரும்பகுதியாக விளங்கிய பிரஷ்யா. அதன் மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1763-ஆம் ஆண்டிலேயே நாட்டுப்புறப் பிள்ளைகள் பள்ளி செல்லவேண்டும் என ஆணையிட்டார். 1788-இல், பல்கலைக்கழகம் செல்வோர்க்கென 'அபிட்டூர்' என்னும் பள்ளி இறுதித் தேர்வு அங்கே ஏற்பட்டது. 1810-இல் வில்ஹெல்ம் வான் ஹும்போல்ட்டின் முயற்சியால் பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றியது. கற்பிப்பதோடு புது அறிவைத் தேடுவதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்ற கருத்து அங்கிருந்தே உலகெங்கும் பரவிற்று.

பிரான்சு நாட்டிலோ மேற்படிகளே முதலில் அமைந்தன. நெப்போலியன் 1802-இல் 'லிசே' என்னும் உயர்நிலைப் பள்ளிகளையும், 1808-இல் 'பக்கலோரியா' என்னும் தேர்வையும் ஏற்படுத்தினார். 1833-இல் கிசோ என்னும் அமைச்சர் கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு தொடக்கப் பள்ளியையும், ஒவ்வொரு மாவட்டமும் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியையும் நடத்தவேண்டும் என விதித்தது. பள்ளி வேண்டுமாயின் முதலில் ஆசிரியர் வேண்டும் என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது. இக்கருத்தை நாம் நினைவில் இருத்தல் வேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம். 1881, 1882-ஆம் ஆண்டுகளில் ஜூல் பெர்ரி கொண்டுவந்த சட்டங்களால் அங்கே தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளி இல்லாத இடங்களில் பள்ளிகள் எழுந்தன. 1880-இல் கல்வி கட்டாயமாயிற்று.

இவ்வளவும் சிறப்பே. ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. அந்நாடுகளில் இருந்தது ஓர் ஏணி அன்று. இரண்டு ஏணிகள் இருந்தன. ஏழைகளின் பிள்ளைகள் மக்கட் பள்ளியில் சேர்ந்து, எழுத்தும் கணக்கும் கற்று, பதின்மூன்று பதினான்கு வயதில் வயலுக்கோ ஆலைக்கோ சென்றனர். வசதியுடையோர் பிள்ளைகள் வேறு ஆயத்தப் பள்ளியில் தொடங்கி, ஜெர்மனியில் 'ஜிம்னாசியம்' எனவும் இங்கிலாந்தில் 'கிராமர் பள்ளி' எனவும் வழங்கிய உயர்நிலைப் பள்ளிகளின் வழியே பல்கலைக்கழகம் புகுந்தனர். முதல் ஏணியிலிருந்து இரண்டாம் ஏணிக்குத் தாவுதல் அரிது. அறிவுக் கூர்மை இல்லாததால் அன்று, அவ்விடத்தில் படி இல்லாததாலேயே பலர் கீழே நின்றனர்.

இவ்விரு ஏணிகளையும் ஒன்றாக இணைப்பதே இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் செய்த பெரும்பணி. ஜெர்மனி 1920-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான நான்காண்டுத் தொடக்கப் பள்ளியை அமைத்தது. இங்கிலாந்து 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனைவர்க்கும் இலவச உயர்நிலைக் கல்வி அளித்தது. எனினும் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தது. அப்பிரிவினை தவறு என்று கண்டு, 1965-க்குப் பின் பொதுப் பள்ளிகளை நாடிற்று. பிரான்சு 1975-இல் அனைவர்க்கும் ஒரே வகையான நடுநிலைப் பள்ளியை நிறுவியது. 1999-இல் இருபத்தொன்பது நாடுகள் இத்தாலியின் பொலோனா நகரில் கூடி, இளநிலை, முதுநிலை என்று பட்டப்படிப்பின் படிகளை ஒருமுகப்படுத்தவும் உடன்பட்டன. முனைவர் நிலை பின்னர் அவற்றோடு சேர்ந்தது.

மூன்று அரசுகள், மூன்று ஏணிகள்

இனி, அந்த ஏணி நம் பகுதிக்கு வந்த வகையைக் காண்போம். இன்று கேரளம் என ஒரே மாநிலமாக விளங்கும் நிலத்தில், நம்மவர் வாழ்ந்த எல்லைப் பகுதிகள் மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் கிழக்கே கோவை எல்லையைத் தொட்டு நிற்கும் சித்தூர், கொச்சி அரசைச் சேர்ந்தது. மலைமேல் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை.

திருவிதாங்கூரில் 1817-ஆம் ஆண்டில் அரசி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கவேண்டும் என ஆணை பிறப்பித்தார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் கல்விக்கு முதல் பணம் ஒதுக்குவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. அடுத்த ஆண்டு கொச்சியிலும் திவான் நஞ்சப்பய்யாவின் காலத்தில் நாட்டுமொழிப் பள்ளிகள் ஏற்பட்டன. மேற்படிகள் பின்னரே வந்தன. திருவனந்தபுரத்தில் 1834-இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி 1866-இல் கல்லூரியாயிற்று. எறணாகுளத்தில் 1845-இல் தொடங்கியது 1875-இல் கல்லூரியாயிற்று.

மலபாரிலோ, ஐரோப்பியரின் கை நேரடியாகவே பட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து புறப்பட்ட பாசல் மிஷன் என்னும் சபையார் 1834-இல் மங்களூரில் இறங்கி, பின்னர் பாலக்காடு வரை பள்ளிகள் அமைத்தனர். அச்சபையைச் சேர்ந்த ஹெர்மன் குண்டர்ட், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மலையாளத்திற்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர். நம் திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் கற்றபின்னரே அவர் மலையாள நாடு சென்றார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1857-ஆம் ஆண்டில் அவர் மலபார், கன்னடப் பகுதிகளுக்கு அரசாங்கப் பள்ளி ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

அந்த நியமனத்திற்குக் காரணமாயிருந்தது, 1854-இல் சர் சார்லஸ் வுட் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கை. கீழ்ப்பள்ளிகளில் நாட்டுமொழி, மேற்படிப்பில் ஆங்கிலம், தனியார் பள்ளிகளுக்கு அரசாங்க உதவிப் பணம், மாகாணத்திற்கு ஒரு கல்வித் துறை, தலைநகரங்களில் பல்கலைக்கழகம் என்று அது வகுத்தது. அதன்படி 1857-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்தது. அன்று அது கற்பிக்கும் இடமாக இராமல், கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் இடமாகவே இருந்தது. பாலக்காட்டில் 1866-இல் தொடங்கிய பள்ளி 1888-இல் கல்லூரியாக உயர்ந்து, விக்டோரியா கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆட்சி மூன்றாயினும் ஏணியின் உச்சி ஒன்றே. பாலக்காட்டு மாணவரும், கொச்சி மாணவரும், திருவிதாங்கூர் மாணவரும் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வையே எழுதினர். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே அங்கே தனி உச்சி ஏற்பட்டது.

இந்த ஏணியில் ஐரோப்பாவின் பழைய குறையும் உடன் வந்தது. நாட்டுமொழிப் பள்ளி ஓர் ஏணி; ஆங்கிலப் பள்ளி மற்றோர் ஏணி. முன்னதில் ஏறியவர் கணக்கெழுதவும் மனு எழுதவும் கற்றனர். பின்னதில் ஏறியவர் உத்தியோகம் பெற்றனர்.

மலைமேல் ஏறிய பள்ளி

தேவிகுளம் மலையின் கதை தனிக்கதை. 1877-ஆம் ஆண்டில் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காடு திருத்தப்பட்டுத் தேயிலை பரவிற்று. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கங்காணிகளின் பின்னே போடிமெட்டு ஏறியும், கம்பம் வழியே குமுளி கடந்தும் வந்து சேர்ந்தனர். லயத்தில் ஓர் அறையும், மலைச்சரிவில் வேலையும் கிடைத்தன. பள்ளி மட்டும் மெல்லவே ஏறி வந்தது.

நாடு விடுதலை பெற்றபின் 1951-இல் நிறைவேறிய தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், தோட்ட உரிமையாளரைப் பள்ளி வசதி செய்யுமாறு மாநில அரசு விதிகளால் பணிக்கலாம் எனக் கூறிற்று. அச்சட்டத்தால் நன்மை விளைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் "ஆறு முதல் பன்னிரண்டு" என்ற வரம்பைக் கூர்ந்து நோக்குக. ஐரோப்பாவின் ஏழை மக்கட் பள்ளி எந்த வயதை ஒட்டி நின்றதோ, ஏறத்தாழ அதே வயதில் நம் மலைப் பள்ளியும் நின்றது! ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே கூடத்தில் நடத்தியதையும், கடைசி வகுப்பு முடித்த சிறுமி அடுத்த ஆண்டே தாயோடு கொழுந்துக் கூடை தூக்கியதையும் நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவளுக்கு அறிவு குறைந்ததா? இல்லை. ஏணியில் அடுத்த படி இல்லை, அவ்வளவே.

1956-க்குப் பின்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் பாலக்காடும் கேரளத்தில் நிலைத்தன. பழைய திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டையும் சேர்த்துப் பெருந்தொகையினராக இருந்த தமிழர், புதிய மாநிலத்தில் சிறு தொகையினராயினர். தமிழ்ப் பள்ளிகளும் தமிழ் ஆசிரியர்களும் மிகுந்த பகுதி எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டது. எல்லைக் கோடு வரைந்தவர்களின் கணக்கில் ஆறும் மலையும் வருவாயும் இருந்தன. தமிழ்ப் பள்ளியின் மேற்படிகள் எப்பக்கம் போகும் என்பது அக்கணக்கில் முன்னிற்கவில்லை.

எனினும் நம் அரசியலமைப்பு நம்மைக் கைவிடவில்லை. மொழிச் சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவு தருகின்றது. கேரளத்தின் கல்வி மசோதா பற்றி 1958-இல் உச்ச நீதிமன்றம் கூறிய கருத்து, அவ்வுரிமையை மேலும் தெளிவாக்கிற்று. 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கின்றது. நம் மாநிலமும் தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல்கள் வெளியிடுகின்றது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுத வழி செய்திருக்கின்றது. இதனை நன்றியோடு கூறுதல் நம் கடமை. ஆகவே, முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் படிகள் ஊன்றப்பட்டுள்ளன.

பதினொன்றாம் வகுப்பில் என்ன நேர்கின்றது? பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. வகுப்பறையில் விளக்கம் மலையாளத்தில் வருகின்றது. பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் கற்ற பிள்ளை, ஒரே கோடை விடுமுறையில் இரண்டு மொழிகளைத் தாண்ட வேண்டியவனாகின்றான். அங்கேதான் படி ஆடுகின்றது. அங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகின்றனர். பெற்றோர் அதனைக் கண்டு அஞ்சி, முதல் வகுப்பிலேயே தமிழை விட்டுவிடுகின்றனர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். பிள்ளையின் வாழ்வு கருதி அஞ்சுவது பெற்றோரின் இயல்பு. ஆயினும் மேற்படி ஆடுவதற்காகக் கீழ்ப்படியை எடுத்தெறிவது மருந்தாகுமா என்று சிந்தித்தல் வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு தேவிகுளம்

நம் நிலையோடு ஒப்பிடத்தக்க ஒரு நிலம் ஐரோப்பாவில் உண்டு. இத்தாலியின் வட எல்லையில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அமைந்த தென் டிரோல் என்னும் பகுதியே அது. அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசுபவர். முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் அந்நிலம் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குச் சென்றது. முசோலினியின் ஆட்சி 1923 முதல் ஜெர்மன் வழிப் பள்ளிகளைப் படிப்படியாக மூடிற்று. அம்மக்கள் வீடுகளின் உள்ளறைகளிலும் பண்ணைகளிலும் ஒளிந்து பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்தனர். 'நிலவறைப் பள்ளி' என்று அவற்றிற்குப் பெயர். நம் நாட்டில் அத்தகைய கொடுமை நிகழ்ந்ததில்லை. அவ்வகையில் நாம் பேறு பெற்றவர்கள்.

போருக்குப் பின் 1946-இல் ஓர் உடன்படிக்கையும், 1972-இல் விரிவான தன்னாட்சிச் சட்டமும் ஏற்பட்டன. அச்சட்டத்தின் கல்விப் பகுதி இரண்டு விதிகளைக் கூறுகின்றது. மழலைப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை, பிள்ளையின் தாய்மொழியைத் தம் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரே கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. தொடக்கப் பள்ளியிலேயே மற்ற மொழியைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்று வேர், மற்றொன்று கிளை. 1997-இல் அங்கே ஜெர்மன், இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கற்பிக்கும் பல்கலைக்கழகமும் எழுந்தது.

பின்லாந்து நாட்டிலும் இதனைக் காணலாம். அங்கே சுவீடிஷ் மொழி பேசுவோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. ஆயினும் அவர்களுக்கு மழலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை தம் மொழியில் ஏணி முழுமையாக உண்டு. 1918-இல் துர்க்கு நகரில் தொடங்கிய ஓபோ அகாதமி அதன் உச்சி. அப்பிள்ளைகள் பின்னிஷ் மொழியையும் பள்ளியில் தவறாது கற்கின்றனர்.

இவ்விரு சிறுபான்மையினரும் நிலைத்து நின்றதன் மறைபொருள் யாது? கீழ்ப்படியில் நிற்கும் ஆசிரியர், மேற்படியிலிருந்தே இறங்கி வருகின்றார் என்பதே. பல்கலைக்கழகத்தில் சுவீடிஷ் மொழியில் பயின்று வெளிவரும் இளைஞர், சிற்றூர்ப் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியராக அமர்கின்றார். அவரிடம் கற்ற குழந்தை மீண்டும் மேலே ஏறுகின்றது. 1833-இல் பிரெஞ்சுச் சட்டம் பள்ளியோடு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியையும் சேர்த்து விதித்ததன் பொருள் இப்போது நமக்கு விளங்கும். கல்வி முறையை ஏணி என்றோம். உண்மையில் அது கிணற்றில் சுழலும் ஏற்றச் சால் போன்றது. மேலே சென்றது கீழே வந்தாலன்றி மீண்டும் நீர் மேலே வாராது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவில் நம் காலனியின் வினாவிற்குத் திரும்புவோம்.

முதலாவது, எண்ணிக்கை. 1949-ஆம் ஆண்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி, பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என முடிவு செய்தனர். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் எடுக்கும் தலை எண்ணிக்கையே ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்யும் அடிப்படை. ஆகவே, ஜூன் மாதத்தில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவு அக்குடும்பத்தோடு நிற்பதில்லை. பதினொரு பிள்ளைகள் உள்ள வகுப்பிலிருந்து இருவர் விலகினால், எஞ்சிய ஒன்பது பேரின் ஆசிரியருக்கே ஆபத்து நேரலாம். வேறு பள்ளி நாடும் பெற்றோர், முடிவெடுக்கும் முன் அண்டை வீட்டாரோடு ஒருமுறை கலந்து பேசுமாறு வேண்டுகின்றோம்.

இரண்டாவது, மலையாளம். 2017-இல் இம்மாநிலப் பள்ளிகளில் மலையாளம் கற்பது கட்டாயம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. இதனைச் சுமையாக நாம் கருதவேண்டுவதில்லை. நாம் வாழும் மண்ணின் மொழி அது. நம் மொழிக்கு மிக நெருங்கிய உறவு. தென் டிரோல் பிள்ளை இத்தாலியன் கற்று, அதனால் தன் ஜெர்மனை இழந்துவிடவில்லை. நம் பிள்ளைகள் மலையாளத்தைத் தட்டுத் தடுமாறி அறிவதோடு நில்லாது, எழுதவும் வாதாடவும் வல்லவராதல் வேண்டும்.

மூன்றாவது, ஆடுகின்ற படிக்கு முட்டுக் கொடுத்தல். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்வரை உள்ள கோடைக் காலத்தில், சங்கக் கூடத்தில் மாலை வகுப்புகள் நடத்தலாம். கணிதம், அறிவியல், வணிகவியல் ஆகியவற்றின் கலைச்சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பயிற்றினால் பிள்ளையின் அச்சம் பாதி நீங்கும். நம் காலனியிலேயே கல்லூரி முடித்தவர் பலர் உளர். அவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரம் தந்தால் போதும். சட்டாம்பிள்ளை முறையை ஐரோப்பாவுக்கு ஈந்த நாம், அதனை நம் கூடத்தில் ஏன் நடத்தலாகாது?

நான்காவது, மேற்படி. ஆண்டுதோறும் ஒரு பிள்ளையையேனும் தமிழ் பயின்று ஆசிரியப் பயிற்சி பெற ஊக்குவித்து, அதற்குச் சங்கம் உதவித்தொகை அளித்தல் வேண்டும். 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் பட்டப் படிப்பாக விளங்குகின்றது. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறை உண்டு. முன்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாக இருந்த அதில் எஸ். வையாபுரிப் பிள்ளை பேராசிரியராக விளங்கினார். அதற்கும் முன்னர் ஆலப்புழையில் பிறந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். கேரள மண்ணில் தமிழின் மேற்படி புதியதன்று. அப்படியில் ஏறுவோர் குறைந்து போனால், பத்தாண்டுகளில் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஆள் இன்றி, கீழ்ப்படி தானே இற்று விழும்.

ஐந்தாவது, முறையீடு. குறை கண்டால் முணுமுணுத்து அமர்தல் ஆகாது. மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அரசுக்கு முறையிடும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு ஒவ்வொருவர்க்கும் தந்துள்ளது. பாடநூல் வரவில்லையா? தமிழாசிரியர் இடம் காலியாக உள்ளதா? பெற்றோர் கூடி, பிள்ளைகளின் எண்ணிக்கையோடு, பணிவாகவும் தெளிவாகவும் எழுதி அனுப்புதல் வேண்டும்.

நாம் பிழைக்க வந்த இம்மலையும் இச்சமவெளியும் இன்று நம் பிள்ளைகளின் பிறந்த மண். அவர்கள் இம்மாநிலத்தின் நன்மக்களாக, மலையாளத்தில் வல்லவராக, ஆங்கிலத்தில் அஞ்சாதவராக, தமிழில் வேரூன்றியவராக வளர்தல் வேண்டும். அவ்வாறு வளர்ந்து மேலே சென்றவருள் ஒருவரேனும் நம் காலனிப் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வரும் நாளில், விழா முடிந்து வீடு செல்லும் வழியில் பெற்றோர் கேட்கும் அந்தப் பழைய வினாவிற்கு விடை கிடைத்துவிடும். அந்நாள் விரைந்து வருக என வாழ்த்தி அமைகின்றோம்.